அமெரிக்க அரசமைப்பில் யார் யாரை மறுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் நம்மவர்களில் பலர், செனட்டில் எத்தனை பேர், திருத்தங்கள் எத்தனை என்று விடைகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கைகள் ஏன் அப்படி அமைந்தன என்பதை விளக்குவோர் குறைவு. நாடாளுமன்ற ஆட்சிமுறைக்குப் பழகிய நமக்கு, அதிபர் ஒரு கட்சி, அவை வேறொரு கட்சி என்று நடக்கும் அந்த ஆட்சி குழப்பமாகவே தோன்றும். ஆனால் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் அந்த அமைப்பு முழுவதும் விளங்கத் தொடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: எந்தப் பதவியில் இருப்பவர் எந்தப் பதவியில் இருப்பவரிடம் ‘முடியாது’ என்று சொல்லலாம்? கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

அரசமைப்புச் சட்டம் எப்போது, எதற்காக எழுதப்பட்டது?

விடுதலைப் போரின்போது 13 மாநிலங்களும் தங்களுக்குள் செய்துகொண்ட கூட்டமைப்பு உடன்படிக்கை 1781-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மத்தியில் இருந்த காங்கிரஸ் என்னும் சட்டமன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். உடன்படிக்கையைத் திருத்த 13 மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். 1786-இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய உழவர்கள், முன்னாள் படைத்தலைவர் டேனியல் ஷேஸ் உள்ளிட்டோரின் தலைமையில் திரண்டு, கடன் வழக்குகள் நடவாதபடி நீதிமன்ற வாசல்களை மறித்தார்கள். அதை அடக்கப் படை திரட்ட மத்திய அரசால் முடியவில்லை. பாஸ்டன் வணிகர்கள் கொடுத்த பணத்தில் அந்த மாநிலமே படை திரட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய மாநாடு இந்தச் சூழலில்தான் நடந்தது. ரோட் ஐலண்டு எவரையும் அனுப்பவில்லை. மற்ற 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் பங்கெடுத்தனர். 1787 செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டனர். ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்ற விதியின்படி, 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றுக்கொண்டது. 1789 மார்ச் 4 முதல் புதிய அரசு தொடங்கியது. ஏழு பிரிவுகள் கொண்ட அந்த மூல ஆவணத்தை ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். தேர்வு எழுதுபவர்கள் குறிப்பேடுகளுக்கு முன் அதைப் படிப்பது நல்லது.

காங்கிரசில் இரண்டு அவைகள் எதற்கு?

பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களைக் கேட்டன; சிறிய மாநிலங்கள் எல்லோருக்கும் சம இடம் கேட்டன. மாநாடே கலைந்துவிடும் என்ற நிலையில் இரண்டு கோரிக்கைகளுக்கும் ஓர் அவை என்று முடிவானது. பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடங்கள் பகிரப்படுகின்றன. இன்று 435 உறுப்பினர்கள், பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். செனட்டில் மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 பேர், பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திக்கிறார்கள். தொடக்கத்தில் செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1913-இன் 17-ஆம் திருத்தம்தான் அந்த உரிமையை மக்களுக்குக் கொடுத்தது.

ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் வயோமிங்குக்கும், ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் செனட்டில் இரண்டிரண்டு இடங்களே. இது நியாயமா என்ற விவாதம் ஓயவில்லை; ஓய்ந்தாலும் மாற்றுவது எளிதன்று. ஒரு மாநிலத்தின் ஒப்புதலின்றிச் செனட்டில் அதன் சம பங்கைப் பறிக்கக் கூடாது என்று ஐந்தாம் பிரிவே காவல் போட்டிருக்கிறது.

அடிமைமுறையைப் பற்றி மூலச் சட்டம் என்ன சொன்னது?

‘அடிமை’ என்ற சொல்லையே பயன்படுத்தாமல் அடிமைமுறையைப் பாதுகாத்தது. இடங்களைக் கணக்கிடும்போது, சுதந்திர மனிதர்களோடு ‘மற்ற ஆட்களில்’ ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. வாக்குரிமையற்ற அடிமைகளின் தலைகளை எண்ணியே அவர்களை வைத்திருந்த தென் மாநிலங்கள் காங்கிரசிலும் அதிபர் தேர்தலிலும் கூடுதல் பலம் பெற்றன. 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடை செய்ய முடியாது என்றும், தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. அரசமைப்பின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துபோவது சரியன்று. மறுக்கும் உரிமையை எல்லா அதிகாரிகளுக்கும் பகிர்ந்தளித்த அந்தச் சட்டம், லட்சக்கணக்கான மனிதர்களுக்கு எதையும் மறுக்கும் உரிமையைத் தரவில்லை.

இதைத் திருத்த ஓர் உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. 1865-இன் 13-ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது; 1868-இன் 14-ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் உறுதி செய்தது; 1870-இன் 15-ஆம் திருத்தம் இனத்தின் பேரில் வாக்குரிமை மறுப்பதைத் தடுத்தது. ஆனாலும் 1896-இல் பிரித்துவைத்தாலும் சமமே என்று உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையை அனுமதித்தது. பள்ளிகளில் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆயிற்று.

ஒரு மசோதா எங்கெல்லாம் தடுக்கப்படலாம்?

ஏறக்குறைய எல்லாப் படியிலும் தடுக்கப்படலாம். இரண்டு அவைகளும் ஒரே வடிவில் நிறைவேற்ற வேண்டும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேரின் ஆதரவு தேவை. இது அரசமைப்பில் இல்லை, செனட் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதி. அதன்பின் அதிபர் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பலாம். அந்த மறுப்பை மீறுவதற்கு ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும்.

இத்தனை மறுப்புகளுக்கும் ஒரு விலை உண்டு. காங்கிரஸ் சட்டமியற்றி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் எடுக்க முடியாது என்பதால், நிதி மசோதாவில் உடன்பாடு எட்டாதபோது அரசு அலுவலகங்கள் மூடப்படுகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அப்படித்தான் நடந்தது. நாடாளுமன்ற முறையில் நிதி மசோதா தோற்றால் அரசே கவிழும். அமெரிக்காவில் அரசு கவிழ்வதில்லை, ஊழியர்களுக்குச் சம்பளம் நிற்கிறது.

அதிபர் நினைத்ததை ஆணையாகப் பிறப்பிக்கலாமா?

நிர்வாக ஆணை பிறப்பிக்கலாம்; ஆனால் அந்த ஆணைக்கு அரசமைப்பிலோ காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலோ ஆதாரம் இருக்க வேண்டும். இதைக் காட்ட 1952-ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று இல்லை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8 அன்று நாட்டின் முக்கிய எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்த ஆணை செல்லாது என்றது. போர்க்காலம், படைகளின் தலைமைத் தளபதி என்ற இரண்டு வாதங்களும் எடுபடவில்லை. ட்ரூமன் தீர்ப்புக்குப் பணிந்து ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். காகிதத்தில் எழுதிய விதி அன்று உயிர்பெற்றதற்குக் காரணம், படைகளைக் கையில் வைத்திருந்தவர் அதற்குப் பணிந்ததுதான் என்று நான் கருதுகிறேன்.

பிற நாடுகளுடன் செய்யும் ஒப்பந்தங்களுக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். அமைச்சர்களையும் மத்திய நீதிபதிகளையும் அதிபர் முன்மொழிகிறார். செனட் ஒப்புதல் தர வேண்டும். போரை அறிவிக்கும் உரிமை காங்கிரசுக்கு மட்டுமே உண்டு. ஆனால் முறையாகப் போர் அறிவித்தது கடைசியாக 1942-இல்தான். அதற்குப் பின் நடந்த போர்கள் எல்லாம் அறிவிப்பின்றியே நடந்தன. அதிபரைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளில் மிகவும் தேய்ந்துபோனது இதுதான்.

அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருப்பதில்லையா?

இருக்கக் கூடாது. மார்கோ ரூபியோ 2025-இல் வெளியுறவு அமைச்சரானபோது செனட் பதவியை விட்டு விலகினார். சட்டமியற்றுபவரும் அதைச் செயல்படுத்துபவரும் ஒருவராக இருந்தால் யார் யாரை மறுப்பது?

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உண்மையா?

உண்மைதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை இடங்களோடு செனட் இடங்கள் இரண்டையும் கூட்டிய எண்ணிக்கையில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் உண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-இன் 23-ஆம் திருத்தத்தால் மூவர் கிடைத்தனர். மொத்தம் 538, வெல்வதற்கு 270 வேண்டும். மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் போய்ச் சேரும். இதனால் 2000-இலும் 2016-இலும் நாடளவில் குறைந்த வாக்குகள் பெற்றவரே அதிபரானார்.

அதிபரைப் பதவியிலிருந்து நீக்குவது எப்படி?

பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம் சாட்டுகிறது, செனட் விசாரிக்கிறது, நீக்குவதற்கு அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் பில் கிளிண்டன், 2019-இலும் 2021-இலும் டொனால்ட் டிரம்ப் ஆகியோர் மீது குற்றம் சாட்டப்பட்டது, ஒருவரும் நீக்கப்படவில்லை. ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார்.

ரிச்சர்ட் நிக்சனை இந்தப் பட்டியலில் சேர்ப்பது பலரும் செய்யும் பிழை. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் அத்துமீறிப் புகுந்ததை மறைக்க முயன்ற வாட்டர்கேட் விவகாரத்தில் தம் அலுவலக உரையாடல்களின் ஒலிநாடாக்களை ஒப்படைக்க அவர் மறுத்தார். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர்களில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். சபை வாக்கெடுப்புக்கு முன்பே, ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார்.

துணை அதிபரின் வேலை என்ன?

அதிபர் பதவி காலியானால் அதை ஏற்பது, செனட்டுக்குத் தலைமை தாங்குவது. வாக்குகள் சமமாகப் பிரியும்போது மட்டுமே அவர் வாக்களிக்கலாம். திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் வேர்கள் கொண்ட சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், அப்படி 33 முறை வாக்களித்து வரலாற்றில் முதலிடம் பெற்றார்.

சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது?

அரசமைப்பில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803-இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் நீதிமன்றமே நிலைநாட்டியது. பதவி முடியும் தறுவாயில் அதிபர் ஜான் ஆடம்ஸ் சில நீதித்துறை நியமனங்களைக் கையெழுத்திட்டு முத்திரையிட்டார். வில்லியம் மார்பரி என்பவரின் நியமன ஆணை அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. புதிய அரசின் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மாடிசன் அதைக் கொடுக்க மறுத்தார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மார்பரிக்கு அந்த ஆணையைப் பெறும் உரிமை உண்டு, ஆனால் இந்த வழக்கை நேரடியாக இங்கே தொடுக்க அனுமதித்த 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பகுதி அரசமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். முந்தைய அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்து அந்த ஆணையை அனுப்பாமல் விட்டவர் இதே மார்ஷல்தான் என்பதால், இன்றைய அளவுகோலில் அவர் அந்த வழக்கை விசாரித்திருக்கவே கூடாது.

நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை, அதாவது வாழ்நாள் முழுவதும், பதவியில் இருக்கலாம். ஒன்பது பேர் என்ற எண்ணிக்கை 1869 முதல் நடப்பில் உள்ள சட்டப்படியானது. காங்கிரஸ் நினைத்தால் மாற்றலாம். 1937-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கூட்ட முயன்றபோது, அவர் கட்சியினரே செனட்டில் அதை ஒதுக்கிவைத்தார்கள்.

உரிமைகள் சாசனம் ஒரு சாதாரண மனிதருக்கு எப்படிப் பயன்படுகிறது?

1791-இல் ஏற்கப்பட்ட முதல் பத்துத் திருத்தங்களே உரிமைகள் சாசனம் எனப்படுகின்றன. பேச்சு, மதம், பத்திரிகை, கூடும் உரிமை ஆகியவை முதல் திருத்தத்தில் உள்ளன. நியாயமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பு நான்காவதில். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை ஐந்தாவதில். வழக்கறிஞர் உதவி ஆறாவதில்.

அந்த ஆறாவது திருத்தத்துக்கு உயிர் கொடுத்தவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை. புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதிக்குள் புகுந்து திருடியதாக 1961-இல் அவர் மீது வழக்கு. கையில் பணமில்லை, வழக்கறிஞர் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டுமே இந்த மாநிலத்தில் அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். தமக்காகத் தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து, சிறைச்சாலை விதிகள் அச்சிட்ட தாளில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். நீதிமன்றம் அதை ஏற்றது. 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கடுங்குற்ற வழக்கில் வசதியற்றவருக்கு மாநிலம் வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்றனர். மறுவிசாரணையில், இம்முறை வழக்கறிஞர் துணையோடு, ஜூரி அவரை விடுவித்தது. அரசமைப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

மாநிலங்களுக்கு என்ன அதிகாரம் உண்டு?

மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாதவையும் மாநிலங்களுக்குத் தடுக்கப்படாதவையும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று பத்தாம் திருத்தம் சொல்கிறது. பள்ளிக் கல்வி, திருமணச் சட்டம், ஓட்டுநர் உரிமம், பெரும்பாலான குற்றவியல் சட்டங்கள், தேர்தல் நடத்துவது ஆகியவை மாநிலங்களின் பொறுப்பு. அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்; நம் முதலமைச்சரின் வேலையைச் செய்பவர். அதிபர் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது.

அரசமைப்பைத் திருத்துவது ஏன் இவ்வளவு கடினம்?

இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளும், அதன்பின் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின், இன்றைய கணக்கில் 38 மாநிலங்களின், ஒப்புதலும் தேவை. இதுவரை 27 திருத்தங்கள்தான் நிறைவேறியுள்ளன. பெண்களுக்கு வாக்குரிமை 1920-இலும், 18 வயதினருக்கு 1971-இலும் இவ்வழியில் வந்தன.

கடைசித் திருத்தத்தின் கதை விசித்திரமானது. காங்கிரஸ் தன் சம்பளத்தை உயர்த்தினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்ற இந்தத் திருத்தம் 1789-இல் முன்மொழியப்பட்டு, போதிய மாநிலங்கள் ஏற்காததால் கிடப்பில் கிடந்தது. காலவரம்பு இல்லாததால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது ‘சி’ தரம். அவர் விடவில்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1992-இல் அது 27-ஆம் திருத்தமாயிற்று.

வெளிநாட்டில் பிறந்து பின்னர் குடியுரிமை பெற்றவர் அதிபராகலாமா?

முடியாது. அதிபர் பிறப்பால் குடிமகனாகவும், 35 வயது நிரம்பியவராகவும், 14 ஆண்டுகள் அங்கே வசித்தவராகவும் இருக்க வேண்டும். பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டுகளும் செனட்டுக்கு ஒன்பது ஆண்டுகளும் குடியுரிமை இருந்தால் போதும். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் சபைக்குத் தேர்வானது இப்படித்தான்.

இந்தியர்களுக்குக் குடியுரிமை எப்போது திறந்தது?

1923-இல், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் அன்றைய சட்டம் கூறிய ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அதுவும் ஆண்டுக்கு 100 குடியேறிகள் என்ற அளவில். இன்றைய பெருங்குடியேற்றத்துக்கு வழிவிட்டது 1965-ஆம் ஆண்டுச் சட்டம்.

குடியுரிமைத் தேர்வைத் தமிழில் எழுதலாமா?

வரலாறு, அரசமைப்பு பற்றிய பகுதி எழுத்துத் தேர்வன்று. அதிகாரி வாய்மொழியாகக் கேட்பார். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 கேள்விகள். 12-க்குச் சரியான விடை சொல்ல வேண்டும். 50 வயதாகி 20 ஆண்டுகளோ, 55 வயதாகி 15 ஆண்டுகளோ கிரீன் கார்டோடு வசித்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே விடை சொல்லலாம். 65 வயதாகி 20 ஆண்டுகள் வசித்தவர்களுக்குக் குறைந்த கேள்விகள் கொண்ட தனிப் பட்டியல் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதே என்று தயங்கும் பெற்றோருக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்த உரிமைகள் பொருந்துமா?

பெரும்பாலானவை பொருந்தும். 14-ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு ‘எந்த நபருக்கும்’ உரியது. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவைக்கடை நடத்த உரிமம் கேட்ட சீனர்கள் எல்லோருக்கும் மறுத்து, மற்றவர்களுக்கு மட்டும் கொடுத்ததை, 1886-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தச் சீனர்கள் குடிமக்கள் அல்லர்.

வாக்குரிமை மட்டும் வேறு. மத்தியத் தேர்தல்களில் குடிமக்களே வாக்களிக்கலாம். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிம அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவுக்கான கேள்வியும் கேட்கப்படுகிறது. அவசரத்தில் ‘ஆம், நான் குடிமகன்’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால், அது பொய்யாகக் குடியுரிமை கோரிய குற்றமாகி, நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகலாம். குடியுரிமை விண்ணப்பமும் இதை நேரடியாகக் கேட்கிறது. தவறுதலாகப் பதிவாகியிருந்தால், விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்; பதிவை எழுத்துமூலம் நீக்கச் செய்து, அந்தக் கடிதத்தின் நகலை நேர்காணலுக்குக் கையோடு கொண்டுபோங்கள்.